விலையும் பெறுமதியும்
பாவித்த ஸ்போர்ட்ஸ் கார்களின் கியர் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு பொருளின் விலை வேறு. அதன் பெறுமதி வேறு. விலை என்பது விற்போனும் வாங்குவோனும் ஒரு நாளில், ஓரிடத்தில் உடன்பட்ட தொகை. பெறுமதி என்பது அப்பொருள் தன்னை உடையவனுக்கு நாள்தோறும் அளிக்கும் பயன். இவ்விரு சொற்களையும் ஒருபொருட் சொற்களாக வழங்குதல் எழுத்தில் வழு, வாழ்க்கையிலோ பொருளிழப்பு. இவ்வேறுபாட்டை விளக்குதற்கு, இன்றைய இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்த மோட்டார்க் காரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழாசிரியர்க்குக் கியர்ப் பெட்டியில் என்ன அலுவல் என வினவுவார் உளராயின், சொற்பொருள் ஆராய்வார்க்குப் புறம்பான பொருள் உலகில் இல்லை என்பதே எம் விடையாகும்.

முதற்கண் கியர்ப் பெட்டியின் தொழிலை அறிதல் வேண்டும். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள்ளேயே நன்கு உழைக்கும். சக்கரமோ மேட்டில் மெல்லவும் சமவெளியில் விரைந்தும் சுழலவேண்டும். இவ்விரண்டையும் இணக்குவது கியர்ப் பெட்டி. கைம்முறைக் கியரில், சாரதி இடக்காலாற் கிளச்சை மிதித்து எஞ்சினையும் கியரையும் பிரிக்கின்றான். கையாற் கியரை மாற்றுகின்றான். பின்னர்க் கிளச்சை மெல்ல விடுகின்றான். பாலையூற்றிலிருந்து கண்டி வீதி வழியே கந்தளாய் செல்லும் பஸ்ஸில் முன்னிருக்கையில் அமர்ந்தோர் இதனைப் பன்முறை கண்டிருப்பர்.

‘ஒட்டோ’ என்னும் ஒரே பெயரால் வழங்கப்பெறுவனவற்றுள் பல இனங்கள் உள. எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்துவது ஒன்று. வார்ப்பட்டையின் துணையால் படியின்றி விகிதத்தை மாற்றுவது மற்றொன்று. மூன்றாவது இனமே நம் ஆய்வுக்கு உரியது. அதில் உள்ளது கைம்முறைக் கியர்ப் பெட்டியே, கிளச்சும் அதுவே. ஆனால் காலும் கையும் செய்த வேலையை எண்ணெய் அழுத்தமோ மின்மோட்டரோ கணினியின் ஆணைப்படி செய்கின்றது. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளச்சும் இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொரு கிளச்சும் கொண்ட இரட்டைக் கிளச்சு முறை நான்காவதாகும்.

மூன்றாம் இனம் பந்தயத் திடலிற் புகழ் பெற்றது. 1989ஆம் ஆண்டில் ஜோன் பார்னாட் வடிவமைத்த பெராரி 640 என்னும் பந்தயக் கார், சுக்கானின் பின்னுள்ள துடுப்புகளை விரலால் இழுத்துக் கியர் மாற்றும் முறையுடன் வந்தது. அதன் முதற் போட்டியாகிய பிரேசில் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் வெற்றி பெற்றார். 1997இல் பெராரி எப்355 என்னும் சாலைக் காரில் இம்முறை இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டளவில் வந்த பி.எம்.டபிள்யூ. எம்3 காரிலும், கைம்முறைக் கியர் வேண்டாதார்க்கு இத்தகைய கியர் வழங்கப்பெற்றது. அந்நாளில் இதனைப் பெறுதற்கு மேலதிகப் பணம் கொடுத்தனர். பந்தய வீரனின் கருவி தம் கையிலும் உளது என்னும் பெருமிதம் அப்பணத்துள் அடங்கியிருந்தது.

இன்று பாவித்த கார்ச் சந்தையில் இந்நிலை தலைகீழாயிற்று. அதே ஆண்டின், அதே நிறத்தின், அதே எஞ்சினின் இரு எம்3 கார்களுள் கைம்முறைக் கியர் உடையதே பொதுவாக மிகுந்த விலை பெறுகின்றது. இதற்குக் காரணம் மூன்று.

ஒன்று, அச்சம். பம்பு, அழுத்தக்கலம், வால்வு, உணரி எனப் பல உறுப்புகள் தன்னியக்க அமைப்பில் உள. அவை பழுதுற்றாற் செலவு பெரிது; செப்பனிட வல்லாரும் அரியர். கைம்முறையிற் கிளச்சுத் தேய்ந்தாற் புதியது இடுதல் பல பட்டறைகளில் இயலும். இரண்டு, காலம். விரைவே தன் சிறப்பென்று வந்த பொருள், தன்னினும் விரைந்தது வந்ததும் அச்சிறப்பை இழக்கும். இரட்டைக் கிளச்சு வந்தபின், ஒற்றைக் கிளச்சுடைய தன்னியக்கக் கியரின் திடுக்கிடும் மாற்றம் குறையாகத் தோன்றிற்று. கைம்முறைக் கியரோ விரைவுக்காக விரும்பப்படுவதன்று. ஓட்டுவோன் தானே செய்யும் செயலின் இன்பத்துக்காக விரும்பப்படுவது. அவ்வின்பத்தைப் புதிய பொறி எதுவும் பழையதாக்கவில்லை. மூன்று, அருமை. 2006 முதல் 2012 வரை விற்பனையான பெராரி 599 கார்களுள் கைம்முறைக் கியர் கொண்டவை ஏறத்தாழ 30 மட்டுமே. அன்று வேண்டுவார் இன்மையாற் குறைவாகச் செய்யப்பட்டவை, அக்குறைவாலேயே இன்று மற்றவற்றினும் பன்மடங்கு விலை பெறுகின்றன.

போர்ஷே நிறுவனத்தின் வரலாறும் இதற்குச் சான்று. 2013இல் வந்த 911 ஜிடி3 கார் இரட்டைக் கிளச்சு முறையில் மட்டுமே விற்கப்பட்டது. 2016இல் 911 ஆர் என்னும் கார் கைம்முறைக் கியருடன் மட்டும் 991 எண்ணிக்கையில் வெளிவந்தது. அதன் மறுவிற்பனை விலை விரைவிலேயே புதுவிலையைப் பெரிதும் கடந்தது. 2017இல் ஜிடி3 காருக்கும் கைம்முறைக் கியர் மீண்டது.

இதனை எக்காருக்கும் உரிய விதியெனக் கொள்ளுதல் கூடாது. 2007இல் வந்த நிசான் ஜிடி-ஆர் காரில் இரட்டைக் கிளச்சு அன்றி வேறு தெரிவே இல்லை. ஆங்கு ஒப்பீட்டுக்கு இடமில்லை. தன்னியக்க அமைப்பைக் கழற்றிக் கைம்முறைக் கியர் பொருத்துவாரும் உளர்; ஆயினும் தொழிற்சாலையிலேயே அவ்வாறு பிறந்த காருக்குரிய மதிப்பு அதற்குப் பெரும்பாலும் கிட்டுவதில்லை. நாளாந்தப் பயணத்துக்குரிய சிறு கார்களிலோ நிலைமை முற்றும் வேறு. நெரிசலில் ஊர்ந்து அலுவலகம் செல்வோர் இடக்காலுக்கு ஓய்வையே வேண்டுவர். ஆதலின் நம் நாட்டில் ஒட்டோ காருக்கே நாட்டம் மிகுதி.

வியப்பென்னவெனின், பெராரியின் தன்னியக்கக் கியருக்குத் துணைநின்ற மக்னெற்றி மரெல்லி என்னும் இத்தாலிய நிறுவனமே, 2014இல் இந்தியாவில் வந்த மாருதி சுசுக்கி செலேரியோவுக்கும் அதே கொள்கையிலான கியரை அளித்தது. பெராரியில் விலையைக் குறைக்கும் அமைப்பு செலேரியோவில் வாங்குவோரை ஈர்க்கின்றது. பொறி ஒன்றே, வாங்குவோன் வேண்டுவது வேறு. ஆகவே விலை பொறியினுள் உறைவதன்று என்பது தெளிவு.

இவ்வுண்மை நம்மவர்க்கு வெறும் ஏட்டுக்கல்வி அன்று. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டில், பழைய கார்கள் வாங்கிய விலையினும் மிகுந்த விலைக்கு விற்பனையாயின. கார்களின் பயன் வளரவில்லை. புதியன வாராமையால் விலையே வளர்ந்தது. ஓய்வூதியப் பணத்தையோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய பணத்தையோ காரில் இட்டு, அதனை வைப்புப் பணமெனக் கருதுவோர் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். தடையால் உயர்ந்த விலையைத் தடை நீக்கம் தளர்த்தலாம்.

ஆதலின், கார் வாங்கப் புகும் பழைய மாணவர்க்கு எம் வேண்டுகோள் இது. எமக்கு வேண்டுவது பயனா, இன்பமா, இலாபமா என்பதனை முதலில் தெளிக. பயனெனில், செப்பனிட வல்ல பட்டறை அருகில் உள்ள காரைக் கொள்க. இன்பமெனில், தாமே ஓட்டிப் பார்த்துக் கொள்க. இலாபமெனில், நாளைய சந்தையை இன்று அறிந்தார் எவருமிலர் என்பதனை நினைக.

மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். வசதி வாய்க்கின் கைம்முறைக் கியரிலேயே சாரதிப் பயிற்சி பெறுக. பிரித்தானியாவில் ஒட்டோ காரிற் சோதனை எழுதித் தேறியோர் ஒட்டோ காரை மட்டுமே ஓட்ட இயலும். கைம்முறையில் தேறியோர் இரண்டையும் ஓட்டலாம். பட்டறைத் தொழிலை நாடுவோர் எண்ணெய் அழுத்தமும் மின்னணுவியலும் சேர்த்துக் கற்பாராக. மேலே முதற் காரணமாகக் கூறிய அச்சம், செப்பனிட வல்லார் இன்மையாற் பிறந்ததன்றோ? அவ்வல்லமையை நம் ஊர் இளைஞர் பெறுவராயின், பிறர் அஞ்சி விலைகுறைத்த பொருளும் அவர் கையிற் பெறுமதி பெறும்.