சிறுநீரக நோயும் நுண் ஆர்.என்.ஏ.க்களும்

முன்னுரை

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளி வயலிலும் செங்கல் சூளையிலும் விசைத்தறிக் கூடத்திலும் உழைப்போர் பலர். கோடை வெம்மையில் போதிய நீர் அருந்தாது நெடுநேரம் உழைப்பது சிறுநீரகத்தை நலிவிக்கும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அதனினும் பெருங்காரணங்கள். இரத்தத்தில் கிரியாட்டினின் உயர்ந்து நோய் வெளிப்படும்போது சிறுநீரகத்தின் செயல்திறன் ஏறத்தாழப் பாதி குறைந்திருக்கும். அதற்கு முன்னரே நோயைக் காட்டும் குறி உண்டா என்பதை ஈண்டுக் காண்போம்.

நுண் ஆர்.என்.ஏ.வின் இயல்பு

டி.என்.ஏ.யின் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. ஏந்திச் செல்ல, அதன்படி புரதம் உருவாகிறது. புரதமாக மாறாத ஆர்.என்.ஏ.க்களும் உள. அவற்றுள் ஏறத்தாழ 22 எழுத்து நீளமே உடைய மைக்ரோ ஆர்.என்.ஏ.யை நாம் நுண் ஆர்.என்.ஏ. எனலாம். தூது ஆர்.என்.ஏ.யோடு பொருந்திப் புரத ஆக்கத்தைத் தடுப்பதே இதன் பணி. விக்டர் ஆம்புரோசு குழுவினர் 1993இல் ஓர் உருளைப்புழுவில் இதனை முதன்முதலாகக் கண்டனர். அவருக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

நோயில் அதன் பங்கு

நீரிழிவால் தாக்குண்ட சிறுநீரகத்தில் கொலாஜன் மிகுந்து தழும்பேறுகிறது. அமெரிக்காவின் சிட்டி ஆஃப் ஹோப் நிறுவனத்தில் ரமா நடராஜன் குழுவினர் 2007இல் நீரிழிவுற்ற சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அவற்றின் சிறுநீரகத்தில் நுண் ஆர்.என்.ஏ. 192 மிகுந்து, கொலாஜனை அடக்கும் புரதங்களைத் தடுப்பதைக் கண்டனர். காவலரைக் கட்டிவைத்தால் களவு பெருகுவதை இது ஒக்கும். ஆயின் 2010இல் வெளிவந்த மனிதத் திசு ஆய்வில், முற்றிய நோயாளரிடம் அதே ஆர்.என்.ஏ. குறைந்திருந்தது. எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்தலாகாது என்பதை இதனால் அறிகிறோம்.

மருந்தாகும் முயற்சி

தழும்பை வளர்க்கும் நுண் ஆர்.என்.ஏ. 21ஐ அடக்க முயன்ற லேடமிர்சன் மருந்தின் சோதனை, பயன் காணாமையால் 2022இல் நிறுத்தப்பட்டது. மற்றொரு சிற்றார்.என்.ஏ. வகையைச் சார்ந்த லூமாசிரான் 2020இல் ஒப்புதல் பெற்றது. கல்லீரலில் ஆக்சலேட் மிகுவதை அது குறைத்து, அரிதான ஒரு பரம்பரை நோயிலிருந்து சிறுநீரகத்தைக் காக்கிறது.

முடிவுரை

நுண் ஆர்.என்.ஏ.க்கள் சிறுநீரிலும் சிதையாது தங்குவதால், நாளை அவை முன்னறி குறியாகலாம். இன்று அவை ஆய்வுக்கூடத்தின் உடைமையே. எளிய சிறுநீர்ப் புரதச் சோதனையோ ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிட்டும். தமிழக அரசு 2023இல் அதனை விரிவாகத் தொடங்கியது. வயலிலும் சூளையிலும் உழைப்போர்க்கு நிழலும் நீரும் இச்சோதனையும் தவறாது கிடைக்கச் செய்தல் நம் கடனாகும்.