இரண்டு இணைப்பும் ஒரு கணிப்பொறியும்



நம் தூத்துக்குடியில் இன்று பல வீடுகளில் இரண்டு இணைய இணைப்புகள் உள்ளன. ஒன்று, சுவரைத் துளைத்து உள்ளே வரும் கண்ணாடி இழைக் கம்பி. மற்றொன்று, செல்போன் வழியே காற்றில் வருவது. சில வீடுகளில் இரண்டு நிறுவனங்களின் கம்பிகளும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே கணிப்பொறியில் சேர்த்துவிட்டால் வேகமும் சேர்ந்து கூடுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப்போகும் வினா.

இந்த வினாவை எங்களுக்குத் தந்தவர் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார். தோழியின் தந்தை கப்பலில் பணிபுரிகிறார். ஏதேனும் ஒரு துறைமுகத்தை அடைந்ததும் வீட்டிற்கு வீடியோவில் பேசுவார். அந்த நேரம் பார்த்துப் படம் அசையாமல் நின்றுவிடும். "ஏ பிள்ளைகளா, மாசாமாசம் ரெண்டுக்கும் துட்டு கட்டுதோம்லா? ரெண்டையும் ஒண்ணாச் சேத்து விட்டா அவுக முகம் தெளிவாத் தெரியாதா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதானே!

தண்ணீரை எண்ணிப் பார்த்தால் அவர் கேட்டது சரியென்றே தோன்றும். மாநகராட்சிக் குழாயில் வரும் நீரையும் லாரித் தண்ணீரையும் ஒரே தொட்டியில் விட்டால் தொட்டி விரைவாக நிறையும். ஏனெனில் நீர்த்துளிக்குப் பெயரில்லை, ஊரில்லை. எந்தத் துளி எந்தக் குழாயில் வந்தது என்று தொட்டி கேட்பதில்லை. ஆனால் இணையத்தில் செல்வது நீரன்று, தபால் போன்றது. ஒவ்வொன்றின் மீதும் முகவரி உண்டு.

செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பும் முறையை 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும், இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் என்பவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 1974-இல் விண்ட் செர்ஃப், பாப் கான் ஆகிய இருவரும் அப்பொட்டலங்கள் வெவ்வேறு வலைகளைக் கடந்து சென்று சேருவதற்கான விதிகளை வகுத்தார்கள். ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேல் இராது. அதன் மேலுறையில் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இரு பக்கத்துத் துறை எண்கள் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். (துறை எண்ணை ஆங்கிலத்தில் 'போர்ட்' என்றே அழைக்கிறார்கள். துறைமுகத்து ஊரில் பிறந்த எங்களுக்கு இச்சொல் மிகவும் பிடித்துப்போயிற்று!) இந்த நான்கும் சேர்ந்துதான் ஓர் உரையாடலை மற்றோர் உரையாடலிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

இனி நம் வீட்டைப் பாருங்கள். இரண்டு நிறுவனங்கள் நமக்கு இரண்டு முகவரிகளைத் தருகின்றன. வீடு ஒன்றேயானாலும் வெளியுலகின் கண்ணுக்கு அது இரண்டு வீடுகள். ஒரே கடிதத்தின் முதல் பக்கம் ஒரு முகவரியிலிருந்தும் இரண்டாம் பக்கம் வேறொரு முகவரியிலிருந்தும் வந்தால் பெறுபவர் என்ன செய்வார்? இவை யாருடையவையோ என்று தள்ளிவிடுவார். வங்கியின் இணையதளத்தில் இருக்கும்போது முகவரி திடீரென்று மாறினால், பல வங்கிகளின் கணிப்பொறி நம்மை வெளியேற்றிவிட்டு மீண்டும் கடவுச்சொல் கேட்பதும் இதனால்தான்.

ஆகவே கம்பியையும் செல்போனையும் ஒரே நேரத்தில் மாட்டினாலும் கணிப்பொறி ஒன்றையே தேர்ந்துகொள்கிறது. விண்டோஸ் கணிப்பொறி ஒவ்வோர் இணைப்புக்கும் 'மெட்ரிக்' என்ற ஓர் எண்ணைத் தருகிறது. எந்த இணைப்பின் எண் சிறியதோ அதன் வழியே போக்குவரத்து முழுவதும் செல்கிறது. மற்றது சும்மா இருக்கும். இணைப்புகளைக் காட்டும் பக்கத்தில் 'பிரிட்ஜ்' என்று ஒரு வசதி இருப்பதைக் கண்டு, சேர்ப்பது இதுதான் போலும் என்று சிலர் அதை அழுத்துவதுண்டு. அது வீட்டினுள் உள்ள இரு வலைகளை ஒரே வலையாக்கும் பாலமே தவிர, வெளியே செல்லும் இரு வழிகளின் வேகத்தைக் கூட்டுவதன்று. அதை அழுத்தியபின் இரண்டு இணைப்புமே வேலை செய்யாமல் போவதும் நடக்கிறது.

முகவரித் தொல்லை தீர்ந்ததென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மற்றொரு தடை நிற்கிறது. நம் துறைமுகத்திற்கு 100 உப்பு மூட்டைகளை வரிசை எண் இட்டு இரண்டு சாலைகளில் அனுப்புகிறோம். ஒரு சாலை நல்ல சாலை. மற்றொன்றில் ரெயில்வே கேட் இருக்கிறது. கப்பலருகே நிற்கும் டாலி கிளார்க், 1, 2, 3 என்ற வரிசைப்படிதான் ஏற்றுவேன் என்கிறார். நல்ல சாலையில் 8, 9, 10 வந்து இறங்கிவிட்டன. 7 மட்டும் கேட்டில் நிற்கிறது. கிளார்க் காத்திருக்கத்தான் வேண்டும். இணையத்தில் நிலைமை இதைவிடச் சிக்கலானது. 7 வரவில்லையே, அது தொலைந்ததுபோலும் என்று எண்ணி, அனுப்பும் கணிப்பொறி அதை மறுபடியும் அனுப்புவதோடு தன் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. வேகமான வழியோடு மந்தமான வழியைக் கண்மூடித்தனமாகச் சேர்த்தால், தனியே இருந்ததைவிட வேகம் குறைந்தும் போகலாம் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

அப்படியானால் சேர்க்கவே முடியாதா? முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். 1990-களில் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலத்தில், ஐ.எஸ்.டி.என். என்ற இணைப்பில் தலா 64 கிலோபிட் கொண்ட இரண்டு தடங்கள் இருந்தன. அவ்விரண்டையும் சேர்த்து 128 கிலோபிட்டாகப் பயன்படுத்தினார்கள். அது எப்படி முடிந்தது என்றால், இரண்டு தடங்களும் ஒரே நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. பிரித்து அனுப்பியதை எண் பார்த்து அடுக்க அங்கே ஒருவர் இருந்தார். இங்கேதான் நம் வினாவின் சாவி இருக்கிறது. இந்தப் பக்கம் பிரித்தால் மட்டும் போதாது. அந்தப் பக்கத்தில் சேர்ப்பதற்கும் ஒருவர் வேண்டும்.

வெவ்வேறு நிறுவனங்களின் வழிகளையும் சேர்க்கும் விதிமுறை ஒன்று 2013 ஜனவரியில் வெளியிடப்பட்டது. அதற்கு 'மல்டிபாத் டி.சி.பி.' என்று பெயர். பலவழி முறை எனலாம். இதை உருவாக்கியவர்களுள் ஒருவர், பெல்ஜியம் நாட்டின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒலிவியே பொனவெந்தூர். இம்முறையில் இரு பக்கத்துக் கணிப்பொறிகளும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்கின்றன: "இன்னொரு முகவரியிலிருந்தும் பொட்டலம் வரும், அதுவும் நான்தான்" என்று. 2013-இல் அப்பல்கலைக்கழகத்தார், ஒவ்வொன்றும் 10 கிகாபிட் வேகமுள்ள ஆறு தடங்களைச் சேர்த்து 51.8 கிகாபிட் வேகத்தை எட்டினார்கள். ஆறு பத்து அறுபது அல்லவா? சோதனைச் சாலையிலேயே 60 கிடைக்கவில்லை என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனில் 'சிரி' என்னும் பேச்சு உதவியாளுக்கு இம்முறையைக் கையாண்டது. 2015-இல் தென்கொரியாவின் கே.டி. நிறுவனம் வைஃபையையும் செல்போன் அலையையும் இவ்வாறு சேர்த்துத் தன் வாடிக்கையாளர்களுக்கு வழங்கியது. ஆனால் நாம் அன்றாடம் செல்லும் இணையதளங்களில் மிகப் பலவும் இம்முறையை ஏற்றுக்கொள்வதில்லை. மறுமுனை சம்மதிக்காவிட்டால் நாம் என்ன செய்ய இயலும்?

அதற்கும் ஒரு மாற்று வழி உண்டு. நமக்கும் இணையதளத்துக்கும் நடுவே ஒரு சந்திப்புக் கணிப்பொறியை வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டிலிருந்து இரண்டு வழியாகவும் பொட்டலங்கள் அங்கே போய்ச் சேரும்; அது எண் பார்த்து அடுக்கி, தன் ஒரே முகவரியிலிருந்து வெளியே அனுப்பும். 'ஸ்பீடிஃபை' போன்ற மென்பொருள்கள் இவ்வாறே வேலை செய்கின்றன. இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அந்தச் சந்திப்பு சென்னையிலோ மும்பையிலோ இருந்தால் நல்லது. கடல் கடந்து எங்கோ இருந்தால் ஒவ்வொரு பொட்டலமும் வீணாக ஊர் சுற்றி வரும். நேரடி ஒளிபரப்பு செய்பவர்களுக்கு இது தகும். வீட்டுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

சேர்ப்பதை விட்டுப் பங்கிடுவது எளிது. பழைய முத்துக்குளிப்பு நாட்களில் குளிப்பவருக்கு இரண்டு கயிறுகள் இருந்தன. ஒரு கயிற்றில் கல் கட்டியிருக்கும். அவரை விரைவாக அடியில் இறக்க அது. மற்றொரு கயிற்றில் சிப்பி சேர்க்கும் வலைப்பை. இரண்டையும் முறுக்கி ஒரே கயிறாக்க யாரும் நினைத்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. அதுபோலவே தம்பியின் விளையாட்டையும் பெரிய கோப்புகளை இறக்குவதையும் கம்பி வழியே விட்டுவிட்டு, அழைப்பைச் செல்போன் வழியே பேசலாம். இரண்டு கம்பிகளையும் வாங்கிக்கொள்ளும் ரவுட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை உரையாடல்களைத் தாமே பங்கிடுகின்றன. பத்துப் படங்கள் உள்ள பக்கத்தைத் திறந்தால் ஐந்து படங்கள் இவ்வழியிலும் ஐந்து அவ்வழியிலும் வரக்கூடும். ஆனால் ஒரே வீடியோ, ஒரே அழைப்பு என்றால் அது ஒரே வழியில்தான் ஓடும்.

இப்போது அத்தாயாரின் கேள்விக்கு விடை சொல்லலாம். ஒரு வீடியோ அழைப்புக்குச் சில மெகாபிட் வேகமே போதும். 50 மெகாபிட் உள்ள வீட்டில் இன்னொரு 20-ஐச் சேர்த்தாலும் அப்பாவின் முகம் கூடுதலாகத் தெளியாது. படம் நிற்பதற்குக் காரணம் வேறு. ரவுட்டர் முன்னறையில் இருக்க, கணிப்பொறி இரண்டு சுவர்களுக்கு அப்பால் அடுக்களையருகே இருந்தது. ரவுட்டரிலிருந்து ஒரு வயரை நேரே கணிப்பொறியில் மாட்டியபோது பாதித் தொல்லை தீர்ந்தது. மீதிப் பாதி கப்பலின் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அலை மெலிந்திருந்தால் நாம் இங்கே பத்து இணைப்பு வைத்தாலும் பயனில்லை.

இவ்வளவும் படித்தபின், இரண்டாவது இணைப்பு வீண்தான் என்று தோழியர் எண்ணிவிட வேண்டாம். அதன் உண்மையான பயன் வேகத்தில் இல்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபோது இந்தியாவின் இணையம் வெகுவாகத் தடைப்பட்டது. ஆயினும் முற்றிலும் நின்றுவிடவில்லை. கிழக்குப் பக்கமாகச் செல்லும் வேறு கம்பிகள் இருந்தமையால் போக்குவரத்தை அங்கே திருப்பிவிட்டார்கள். நம் தூத்துக்குடிக் கரையிலிருந்தும் ஒரு கடலடிக் கம்பி போடப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. இலங்கையின் கல்கிசை வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பாரத் லங்கா கம்பி அது. பி.எஸ்.என்.எல்.-உம் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து 2006-இல் அதைத் தொடங்கின.

இனி 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. நம் மாவட்டத்தில் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோயின. எங்கள் வகுப்பிலேயே சில வீடுகளில், கடலில் இருந்த தந்தையருக்கு நாங்கள் நலமாயிருக்கிறோம் என்று ஒரு வரி அனுப்ப நாட்கணக்கில் வழியில்லை. அவற்றுள் ஒரு வீட்டில் இரண்டு நிறுவனங்களின் கம்பிகள் இருந்தன. இரண்டுமே தெருமுனையில் ஒரே கம்பத்தில் கட்டப்பட்டிருந்தன. கம்பம் சாய்ந்தபோது இரண்டும் சேர்ந்தே அறுந்தன. மாதம் இரண்டு கட்டணம் செலுத்தியும் உண்மையில் அவ்வீட்டுக்கு இருந்தது ஒரே வழிதான்!

எனவே இரண்டாவது இணைப்பு வாங்குவோர் வேகத்தைக் கேட்கும் முன் அது எந்த வழியாக வருகிறது என்று கேட்க வேண்டும். ஒன்று கம்பியாக இருந்தால் மற்றது செல்போன் அலையாக இருக்கட்டும். வீட்டில் உள்ள செல்போன்கள் எல்லாம் ஒரே நிறுவனத்து சிம் கார்டாக இல்லாமல், ஒன்றாவது வேறு நிறுவனத்தினுடையதாக இருப்பது நலம். பெரும்பாலான வீடுகளில் இதற்குப் புதுச் செலவே இராது. மின்சாரத்தையும் மறக்கலாகாது. கம்பி நன்றாயிருந்தாலும் சுவரில் உள்ள பெட்டி மின்சாரமின்றி இயங்காது. அப்பெட்டிகளில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை; அவற்றுக்கென்றே சிறிய பேட்டரிப் பெட்டிகள் விற்கிறார்கள். செல்போன் கோபுரத்திலும் பேட்டரி உண்டு. ஆனால் அதுவும் சில மணி நேரத்திற்குத்தான். ஆதலால் மழை வலுக்கும்போதே, நலம் என்ற அந்த ஒரு வரியை அனுப்பிவிடுவது நல்லது.

செல்போனைக் கணிப்பொறியோடு சேர்க்க அதன் சார்ஜர் வயரே போதும். வயரை மாட்டி, செல்போனின் அமைப்புகளில் 'ஹாட்ஸ்பாட்' பகுதிக்குச் சென்று 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் திறந்தால் கணிப்பொறி அதை இரண்டாவது இணைப்பாக ஏற்றுக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் அவசர வேலையில் இல்லாதபோது, முதல் கம்பியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சில நொடிகளில் கணிப்பொறி தானாகவே செல்போன் வழிக்கு மாறிக்கொள்ளும். திறந்து வைத்த பக்கங்கள் பெரும்பாலும் மீண்டும் வந்துவிடும். பேசிக்கொண்டிருந்த அழைப்பு சில சமயம் தானே ஒட்டிக்கொள்ளும். இல்லையேல், முகவரி மாறிவிட்டபடியால், மறுபடியும் அழைக்க வேண்டியிருக்கும்.