பத்து மீட்டர் தாண்டிப் படம் போக வேண்டும் என்றால்

ஒரகடத்தில், வண்டிகளுக்கு ஒயர் ஹார்னஸ் செய்துகொடுக்கும் கம்பெனி ஒன்றில் தரப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க ஒயர், டெர்மினல், கனெக்டர். அதனால் தெரிந்தவர் யார் வீட்டில் கேபிள் தகராறு என்றாலும் போன் எனக்குத்தான் வரும். முன்பெல்லாம் இன்வெர்ட்டருக்கு எத்தனை ஸ்கொயர் எம்.எம். ஒயர் போடலாம் என்று கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது: "சார், ஹால்ல புரொஜெக்டர் மாட்டறோம். பத்து மீட்டர் எச்.டி.எம்.ஐ. எது வாங்கலாம்?"

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது, 2007-ல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று ஆலைகள் வந்தன. அவற்றை நம்பி வந்து வாடகைக்கு இருந்தவர்களில் பலர் இன்று படப்பையிலும் மாத்தூரிலும் வல்லக்கோட்டைப் பக்கமும் மனை வாங்கி வீடு கட்டுகிறார்கள். ஹாலில் பெரிய திரை வேண்டும் என்பது நியாயமான ஆசை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் படம் பார்க்கிறவருக்குப் புரொஜெக்டர் வாங்குவதற்கு முன்னால் ஜன்னலுக்கு நல்ல திரைச்சீலைதான் தேவை என்பது தனிக்கதை.

மாத்தூரில் வீடு கட்டிய சக ஊழியர் ஒருவர், பதினைந்து மீட்டர் செம்புக் கேபிளைச் சுவருக்குள் பதித்துப் பூச்சும் முடித்த பிறகு கூப்பிட்டார். "அண்ணே, 19 பின்னும் கன்டினியூட்டி அடிக்குது. மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். ஆனா 4கே போட்டா ஸ்கிரீன் கருப்பாயிடுது." எங்கள் லைனில் ஹார்னஸைச் சோதனைப் பலகையில் மாட்டுவோம். சர்க்யூட் ஒவ்வொன்றுக்கும் விளக்கு எரிந்தால் பாஸ். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் அவர். காரின் ஹெட்லைட்டுக்கு அந்தச் சோதனை போதும். படத்துக்குப் போதாது.

ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். எச்.டி.எம்.ஐ.-க்குள் படம் மூன்று ஜோடிக் கம்பிகளில் போகிறது. விநாடிக்கு 60 பிரேம் வீதம் 1080பி படம் என்றால் மூன்றிலும் சேர்த்து விநாடிக்குச் சுமார் 446 கோடி பிட். அதே வேகத்தில் 4கே என்றால் சரியாக நான்கு மடங்கு, 1,782 கோடி. இவ்வளவு வேகத்தில் மின்சாரம் கம்பியின் மேல்தோலில் மட்டுமே ஓடும். உறையாக இருக்கும் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் தின்றுவிடும். நீளம் கூடக் கூட சிக்னல் மங்கும். மங்கியதைத் தூக்கிப் பிடிக்க டி.வி.க்குள் ஒரு சுற்று இருக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் இருக்கும்வரை படத்தில் ஒரு குறையும் தெரியாது. தாண்டினால் முதலில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், பிறகு இரண்டு மூன்று விநாடி திரை கருத்துத் திரும்பும், அப்புறம் ஒன்றுமே வராது. மல்டிமீட்டர் தருவது அசையாத மின்சாரம். இந்த வேகத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

அவர் வீட்டில் பழைய டி.டி.எச். பெட்டி அதே கேபிளில் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் புதிதாக வாங்கிய பிளேயர்மேல்தான் சந்தேகப்பட்டார். பெட்டி கொடுத்தது எச்.டி. மட்டும், அதைச் சுமக்கக் கேபிளுக்குத் தெம்பு இருந்தது. பிளேயர் கேட்டது நான்கு மடங்கு.

என் கணக்கு இது. ஐந்து மீட்டருக்குள் என்றால் சாதாரணச் செம்புக் கேபிள், நல்லதாக ஒன்று. ஐந்திலிருந்து ஏழு மீட்டர் வரை 4கே-க்குச் செம்பு ஓடவும் செய்யும், மக்கர் பண்ணவும் செய்யும். தடிமனான 24 கேஜ் கேபிள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன்). ஆனால் அது விறைப்பாக இருக்கும். சீலிங்கில் தொங்கும் புரொஜெக்டரின் போர்ட்டை அதன் எடையே இழுத்துத் தளர்த்திவிடும். இதைவிடவும் அதிக வேகம் கேட்கும் புதிய கேம் கன்சோல் இருந்தால் செம்பின் எல்லை மூன்று, நான்கு மீட்டரிலேயே வந்துவிடும். இந்த எல்லைகளுக்கு மேலே எல்லாம் ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ.தான். மாத்தூர் வீட்டிலும் கடைசியில் அதைத்தான் போட்டோம். செம்பை வெளியே இழுக்கும்போது பாதி வழியில் சிக்கிக்கொண்டதும், புதிய பூச்சை ஓரடி உடைத்ததும் உபரிச் செலவு.

ஆப்டிகல் கேபிளில் படம் கண்ணாடி இழை வழியாக ஒளியாகப் போகிறது. இரு தலையிலும் சின்னச் சின்ன சிப் இருக்கும். ஒரு முனை மின்சாரத்தை ஒளியாக்கும், மறுமுனை ஒளியை மின்சாரமாக்கும். அதனால் இதற்குத் திசை உண்டு. ஒரு தலையில் 'சோர்ஸ்' என்றும் மறுதலையில் 'டிஸ்ப்ளே' என்றும் அச்சிட்டிருப்பார்கள். பைப்பில் திருப்பி விட்டால் படம் வராது, மறுபடி உருவ வேண்டியதுதான். எலக்ட்ரீசியன் தம்பியிடம் வாயால் சொன்னால் போதாது. இரு தலையிலும் இரண்டு நிற டேப் சுற்றிக் கொடுங்கள்.

இன்னொன்று, சிப்புக்கு மின்சாரம் வேண்டும். பிளேயர் தன் போர்ட்டில் 5 வோல்ட்டில் 55 மில்லி ஆம்பியர் தந்தால் போதும் என்பதுதான் எச்.டி.எம்.ஐ. விதி. சில கேபிள்களுக்கு அது போதாது. யு.எஸ்.பி. வால் வைத்த கேபிளாக வாங்கினால் தேவைப்படும்போது செருகிக்கொள்ளலாம். டி.வி.யின் ஒலியைத் திருப்பி சவுண்ட்பாருக்கு அனுப்புகிறவர்கள், அந்த வசதியைக் கேபிள் தாங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆப்டிகல் கேபிள்கள் எல்லாவற்றிலும் அது வேலை செய்யாது.

கடைக்குப் போகலாம். இத்தனை எலக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கிற ஊரிலிருந்து நல்ல நீளக் கேபிளுக்கு நான் போவது சென்னை ரிச்சி தெருவுக்குத்தான். அங்கே "8கே சார், 2.1 கேபிள், தங்க முலாம்" என்பார்கள். 2.1 என்பது எச்.டி.எம்.ஐ. விதித்தொகுப்பின் பதிப்பு எண், 2017-ல் வந்தது. கேபிளுக்கு எண் கிடையாது, வகைதான் உண்டு. 4கே-க்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்', அதற்கும் மேல் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்'. அட்டைப்பெட்டியில் சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா, போனில் ஸ்கேன் செய்தால் அதே பிராண்டும் அதே நீளமும் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கம்பெனியின் இரண்டு மீட்டர் கேபிள் தேறிவிட்டது என்பதால் அதன் பத்து மீட்டரும் தேறியதாகாது. நீளத்துக்கு நீளம் தனிச் சோதனை. தங்க முலாம் துரு ஏறாமல் காக்கும், அவ்வளவுதான். அதற்காகக் கூடுதலாக நூறு ரூபாய்கூடத் தர மாட்டேன்.

அளவெடுப்பதில் பலர் சறுக்குவது நேர்கோட்டில். புரொஜெக்டருக்கும் டி.வி. அலமாரிக்கும் 13 அடி என்பார்கள். கேபிள் காக்கை மாதிரி பறந்து போகாது. அலமாரியிலிருந்து மூலைக்கு 3 அடி, மேலே 8 அடி, சீலிங்கில் 13 அடி, கீழே இறங்க 1 அடி. ஆக 25. இரு பக்கமும் மூன்று மூன்று அடி விட்டால் 31 அடி, அதாவது ஒன்பதரை மீட்டர். பத்து வாங்க வேண்டும். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று செம்பில் இருபது வாங்கிச் சுருட்டி வைப்பது வம்பு.

எல்லாவற்றையும்விட நான் அடம்பிடிப்பது பைப்புக்காக. எச்.டி.எம்.ஐ. தலை ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலம். எலக்ட்ரீசியன் வழக்கமாகப் போடும் முக்கால் இஞ்சு பைப்பில் அது நுழையவே நுழையாது. ஒரு இஞ்சில் நேராகப் போகும், வளைவில் மாட்டும். குறைந்தது 32 எம்.எம்., முடிந்தால் 40. முழங்கை மாதிரி சட்டென்று திரும்பும் எல்போ வேண்டாம், நீள வளைவு போடச் சொல்லுங்கள். கண்ணாடி இழை மடிந்தால் போச்சு. கரன்ட் ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்கக் கூடாது. ஸ்லாபுக்குள் பைப் போவதாக இருந்தால் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாளே நீங்கள் தளத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு மேஸ்திரி என்ன செய்ய முடியும்? கேபிளோடு ஒரு கேட்-6 ஒயரையும் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து விட்டுவிடுங்கள். நாளைக்கு மாற்ற வேண்டி வந்தால் கயிறு இழுத்துக் கொடுக்கும். இழுக்கும்போது தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது, உறையில் கட்டி இழுக்க வேண்டும். வாடகை வீடு என்றால் அகலமான கேசிங் பட்டை ஒட்டினால் போதும்.

அந்த கேட்-6 ஒயரிலேயே படம் அனுப்பும் கருவிகளும் உண்டு. எல்.ஜி., சாம்சங், சோனி, வேலன்ஸ் சேர்ந்து 2010-ல் தொடங்கிய எச்.டி.பேஸ்-டி முறையில் நூறு மீட்டர் வரை போகலாம். கல்யாண மண்டபத்துக்கும் ஆபீசுக்கும் சரி. வீட்டு ஹாலுக்கு விலையும் அதிகம், கூடுதல் அடாப்டர் தொல்லையும் உண்டு. மலிவாகக் கிடைக்கும் எக்ஸ்டெண்டர்கள் பெரும்பாலும் 1080பி-யோடு நின்றுவிடும்.

பார்ப்பது ஓ.டி.டி. மட்டும்தான் என்றால் நீளக் கேபிளே எதற்கு? ஸ்ட்ரீமிங் பெட்டியைப் புரொஜெக்டர் பக்கத்திலேயே சீலிங்கில் மாட்டி அரை மீட்டர் கேபிள் போட்டு, ஒலியை மட்டும் கீழே கொண்டுவாருங்கள். என்னிடம் கேட்டவர்களில் சிலரைக் கேபிளே வாங்க விடாமல் அனுப்பியிருக்கிறேன்.

வாங்கினால் பைப்பில் விடுவதற்கு முன் தரையில் பரப்பி, நிஜமாக ஓட்டப்போகும் பிளேயரையே மாட்டி, 4கே எச்.டி.ஆர். படத்தை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். நடுவில் பிளேயரை அணைத்துப் போடுங்கள், இன்புட் மாற்றிப் பாருங்கள். பைப்பில் விட்டபின் பூச்சுக்கு முன் இன்னொரு முறை. ஆப்டிகல் கேபிளின் தலையில் உள்ள சிப் போய்விட்டால் வெட்டி ஒட்ட முடியாது, முழுக் கேபிளையும்தான் மாற்ற வேண்டும். ஆகவே பில்லில் வாரண்டி எத்தனை வருடம் என்று எழுதி வாங்கி, அதை போனில் ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்த பில்லில் இரண்டு வருடத்தில் எழுத்து மறைந்துவிடும்.