பிந்திக் கேட்ட பேரிசை

கலைகள் பலவற்றுள்ளும் இசையின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. சிற்பி செதுக்கிய சிலை, பார்ப்பார் ஒருவரும் இல்லாத காட்டிடையே கிடப்பினும் சிலையாகவே இருக்கும். ஓவியம் சுவரில் நிற்கும். இசையோ, பாடுவார் பாடக் கேட்பார் கேட்கும் அவ்வளவு பொழுதே உலகில் வாழ்வது. பாடுவாரற்ற இசை, தாளில் எழுதப்பெற்றிருப்பினும், வித்தினுள் உறங்கும் மரத்தையே ஒக்கும். ஆதலின் ஒரு தலைமுறையார் கேளாது விட்ட இசையை அடுத்த தலைமுறையார் கேட்பது அரிது. நூறாண்டு கழித்துக் கேட்பது அதனினும் அரிது. அவ்வரிய செயல் ஐரோப்பிய இசை வரலாற்றில் சிறப்புற நிகழ்ந்தது, ஜெர்மானிய இசைவாணர் ஜோஹான் செபாஸ்டியான் பாக் இயற்றிய இசையின் திறத்திலேயாம். அப்பேரிசையை அவர் காலத்தார் தவறவிட்டமைக்குக் காரணம் யாது, அதனை அழியாது காத்தவர் யாவர், அது மீண்டும் எழுந்த வகை எத்தகையது என்னும் மூன்று வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

பாக் 1685ஆம் ஆண்டில், ஐஸெனாக் என்னும் ஊரில், வழிவழியாக இசைத்தொழில் புரிந்துவந்த குடும்பத்திற் பிறந்தார். பத்து வயது நிரம்புமுன் தாய் தந்தையர் இருவரையும் இழந்து, தமையனார் இல்லத்தில் வளர்ந்தார். பல இடங்களிற் பணிபுரிந்தபின், 1723ஆம் ஆண்டில் லைப்ஸிக் நகரத்துத் தூய தோமா பள்ளிக்கும் ஆலயத்துக்கும் இசையாசிரியராக அமர்ந்தார். அப்பதவிக்கு நகரசபையார் முதலில் விரும்பியவர் டெலமான் என்பவர். அவர் வாராமற்போகவே, கிராப்னர் என்பவரை நாடினர். அவரையும் அவருடைய தலைவர் விடுவியாமையால், மூன்றாவதாகவே பாக்கைத் தேர்ந்தனர். 1750ஆம் ஆண்டில் இறக்குமட்டும் இருபத்தேழு ஆண்டுகள் அவர் அங்கேயே உழைத்தார். ஞாயிறுதோறும் திருநாள்தோறும் வழிபாட்டுக்குரிய இசையை ஆயத்தம் செய்வதும், பள்ளிச் சிறுவருக்கு அதனைக் கற்பித்துப் பாடுவிப்பதும் அவருடைய கடமைகள்.

இப்பணியினிடையே அவர் இயற்றியவற்றுள் தலைசிறந்த ஒன்று, மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் வழியே கிறிஸ்துவின் பாடுகளை இசையால் உரைக்கும் பெருநூல். 'மத்தேயு பாடுகள்' என அதனை ஈண்டு வழங்குவோம். பாடற்குழு இரண்டும் வாத்தியக்குழு இரண்டும் எதிரெதிர் நின்று வினாவும் விடையுமாக இசைக்கும் அமைப்புடையது அது. முழுதும் பாடி முடிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் செல்லும். முதன்முதல் பாடப்பெற்றது 1729இல் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1727ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளிக்கிழமையிலேயே என்பது இக்காலத்து அறிஞர் முடிபு. 1736ஆம் ஆண்டளவில் பாக் அதனைத் தம் கையாலேயே செம்மையாகப் படியெடுத்து, வேதவசனங்களைச் சிவப்பு மையினால் எழுதிவைத்தார். எனினும், அவர் காலத்தில் அது லைப்ஸிக் நகரத்தில் சிலமுறை பாடப்பெற்றதன்றி, அச்சேறவுமில்லை, வெளியுலகம் அறியவுமில்லை.

இத்தகைய இசையை அக்காலத்தார் தவறவிட்டமைக்குக் காரணங்கள் மூன்று கூறலாம். முதலாவது, சுவையின் மாற்றம். பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புகுந்து, தத்தம் வழியே சென்று, முடிவில் ஒருங்கிணையும் பின்னல் இசையே பாக்கின் பெருந்திறம். அவருடைய முதுமைக்காலத்திலோ, ஒரு குரல் இனிது பாடப் பிற வாத்தியங்கள் மெல்லத் துணைசெய்யும் எளிய இசையையே மக்கள் விரும்பலாயினர். ஷைபே என்னும் இளம் விமரிசகர், பாக்கின் இசை மிகையான வேலைப்பாட்டால் இயற்கை அழகை இழந்துவிட்டது என்னும் கருத்துப்பட 1737இல் எழுதினார். தந்தையின் கலை இவ்வாறு பழமைப்பட்டதாகக் கருதப்பட, மைந்தருள் ஒருவராகிய கார்ல் பிலிப் எமானுவேல் புதிய முறையில் எழுதிப் பெரும்புகழ் எய்தினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் 'பாக்' என்ற பெயர் பலருக்கும் அம்மைந்தரையே நினைப்பூட்டிற்று.

இரண்டாவது, அவ்விசையின் பயன்பாடு. அது குறித்த ஒரு நாளின் வழிபாட்டுக்கென இயற்றப்பட்டது. நாள் கழிந்தபின் ஏடுகள் பேழைக்குள் சென்றன. அடுத்த நாளுக்கு வேறு இசை வேண்டப்பட்டது. முன்னோர் இயற்றியவற்றை மக்கள் மன்றத்திற் கூடி மீண்டும் மீண்டும் கேட்கும் வழக்கம் அந்நாளில் வேரூன்றவில்லை. மூன்றாவது, அச்சின்மை. பாக் இயற்றியவற்றுள் அவர் உயிரோடிருந்தபோது அச்சானவை மிகச் சில. அவருடைய இறுதிக் காலத்து நூலாகிய 'பின்னல் இசைக்கலை' அவர் இறந்தபின் 1751இல் வெளிவந்தது. 1756ஆம் ஆண்டுவரை விற்றவை சுமார் முப்பது படிகளே. மைந்தர் அச்சுக்குரிய செப்புத் தகடுகளையே விலைகூற நேர்ந்தது.

விளைவு யாதெனின், இழப்பே. பாக்கின் மனைவியார் அன்னா மக்டலேனா வறுமையுற்று, பிறர் உதவியால் வாழ்ந்து, 1760இல் இறந்தார். கையெழுத்து ஏடுகள் மைந்தரிடையே பங்கிடப்பட்டன. கார்ல் பிலிப் எமானுவேல் தம் பங்கினைக் கண்ணெனக் காத்தார். 'மத்தேயு பாடுகள்' நமக்குக் கிடைத்தது அதனாலேதான். மூத்தவராகிய வில்ஹெல்ம் ஃப்ரீடெமான் வறுமையால் தம் பங்கினை விற்றமையின், அவற்றுட் பல சிதறி மறைந்தன. மாற்கு சுவிசேஷத்தின்படி பாக் இயற்றிய பாடுகளுக்கு 1731ஆம் ஆண்டுப் பாட்டின் சொற்கள் மட்டும் எஞ்சியுள்ளன; இசை போயிற்று. வழிபாட்டுக்கென அவர் இயற்றிய தொடரிசைகளுள் இன்று நிற்பவை இருநூறளவில் ஆகும். அழிந்தவையும் மிகப் பல. பிந்தியேனும் கேட்கும் பேறு எஞ்சியவற்றுக்கே வாய்க்கும். ஏடு அழிந்த இசைக்கு மீட்சி இல்லை.

இனி, எஞ்சியவற்றைக் காத்தவர் யாவர்? பெரும்பாலும் ஆசிரியரும் மாணவருமே. எல்லாச் சுருதிகளிலும் அமைந்த நாற்பத்தெட்டு முன்னிசைகளும் பின்னலிசைகளும் அடங்கிய அவருடைய இரு பாகப் பயிற்சி நூல், 1801இல் அச்சேறுமுன் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கையெழுத்துப் படியாகவே ஆசிரியர் கையினின்று மாணவர் கைக்குச் சென்றது. பான் நகரத்து நேஃபே என்னும் ஆசிரியர் அதனைத் தம் மாணவச் சிறுவன் ஒருவனுக்குக் கற்பித்து, அவன் திறமையை 1783இல் பத்திரிகை வாயிலாக வெளியிட்டார், அச்சிறுவனே பீத்தோவன். தூய தோமா பள்ளிச் சிறுவர் பாக்கின் பாடல்கள் சிலவற்றை அவருக்குப் பின்னும் பாடிவந்தனர். 1789இல் அவ்வூர்க்கு வந்த மோஸார்ட் அவற்றுள் ஒன்றைக் கேட்டு வியந்து, முழுப்பிரதி இல்லாமையால் ஒவ்வொரு குரலுக்கும் உரிய தனித்தனித் தாள்களை வருவித்து, சுற்றிலும் பரப்பிவைத்து ஆராய்ந்தார் என ராக்லிட்ஸ் என்பவர் எழுதிவைத்துள்ளார். பெர்லினில் பாக்கின் மாணவர் கிர்ன்பெர்கரும் அவருடைய புரவலராகிய இளவரசி அன்னா அமாலியாவும் ஏடுகளைத் தேடித் தொகுத்தனர். 1802இல் ஃபோர்கல் என்பவர் பாக்கின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். ஊர் உறங்கியபோதும் விளக்கைத் தூண்டியவண்ணம் சிலர் இருந்தனர் என்பதே இவற்றால் அறியத்தக்கது.

அவ்விளக்கைக் குன்றின்மேல் ஏற்றியவர் ஃபெலிக்ஸ் மெண்டெல்ஸோன் என்னும் இளைஞர். சிறுவராயிருந்தபோது அவருடைய பாட்டியார் பெல்லா சாலமோன், 'மத்தேயு பாடுகள்' முழுவதையும் படியெடுப்பித்து அவருக்குப் பரிசளித்தார். மெண்டெல்ஸோனின் ஆசிரியராகிய செல்டர், பெர்லின் பாடற்கழகத்தின் தலைவர். அவர் அவ்விசையின் பகுதிகளைச் சிறு குழுவினரைக் கொண்டு தனிமையிற் பயின்றுவந்தவரே எனினும், பொதுமக்கள்முன் அதனை முழுதாக அரங்கேற்றுதல் இயலாது என்று கருதினார். 1829ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மெண்டெல்ஸோனும் அவர் நண்பராகிய பாடகர் எட்வர்ட் டெவ்ரியெண்டும் செல்டரிடம் சென்று இசைவு வேண்டினர். முதியவர் முதலிற் சினந்தார், தடைகளை எடுத்துரைத்தார், முடிவில் இசைந்தார். ஒத்திகை நிகழ நிகழப் பாடற்குழு பெருகிற்று.

1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள் பெர்லினில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. அதனை நடத்திய மெண்டெல்ஸோனுக்கு அன்று இருபது வயது நிரம்பி ஐந்து வாரமே ஆகியிருந்தது. கிறிஸ்துவின் மொழிகளை டெவ்ரியெண்டு பாடினார். அரசர் வந்திருந்தார்; தத்துவ ஆசிரியர் ஹேகலும் சமய அறிஞர் ஷ்லையர்மாகரும் வந்திருந்தனர்; இடம் கிடையாமல் திரும்பினோர் பலர். பாக்கின் பிறந்த நாளாகிய மார்ச்சு 21இல் மீண்டும் பாடப்பெற்றது. அவ்வாண்டுப் பெரிய வெள்ளிக்கிழமையில் செல்டரே மூன்றாம் முறை நடத்தினார். அதன்பின் பிற நகரத்தாரும் அவ்விசையைப் பாடத் தொடங்கினர்.

அன்று பெர்லின் நகரத்தார் கேட்டது பாக் எழுதியதன் முழு வடிவம் அன்று என்பதையும் அறிதல் வேண்டும். தனிப்பாடல்கள் பலவற்றை மெண்டெல்ஸோன் விலக்கினார். வழக்கொழிந்த ஓபோ வகைகளுக்குப் பதிலாகக் கிளாரினெட்டைக் கையாண்டார். ஆலய வழிபாட்டில், பிரசங்கத்துக்கு முன்னும் பின்னும் பாடப்பெற்ற இசை இப்போது மன்றத்தில், நுழைவுச் சீட்டுப் பெற்றோர் முன்னிலையில் ஒலித்தது. பிந்திக் கேட்போர் தம் காலத்துச் செவியோடுதான் கேட்கின்றனர். ஆயினும், அத்தொடக்கமே பின்னர் முழு வடிவத்தைத் தேடும் ஆராய்ச்சிக்கு வழிகோலிற்று. பாக் இறந்து நூறாண்டு நிறைந்த 1850இல் லைப்ஸிக் நகரத்தில் பாக் கழகம் தோன்றியது. அரை நூற்றாண்டு உழைத்து அவருடைய இசைநூல்களை 46 தொகுதிகளாக வெளியிட்டது.

தேடல் அங்கும் முடியவில்லை. தனிச் செல்லோவுக்கென பாக் இயற்றிய ஆறு தொடர்கள், வெறும் விரற்பயிற்சி எனக் கருதப்பட்டுக் கிடந்தன. 1890இல் பார்ஸலோனா நகரத்துக் கடையொன்றில், பதின்மூன்று வயதினராகிய பாப்லோ காஸல்ஸ் அவற்றின் அச்சுப்படியைக் கண்டெடுத்தார். பன்னிரண்டு ஆண்டளவு நாள்தோறும் பயின்றபின்னரே அவற்றுள் ஒன்றை அவையில் வாசிக்கத் துணிந்தார். ஆறனையும் 1936 முதல் 1939 வரை இசைத்தட்டில் பதிவு செய்தார். அத்தொடர்களின் பாக் கையெழுத்து ஏடு மறைந்துபோயிற்று. அன்னா மக்டலேனா எழுதிவைத்த படியே இன்று சான்றாக நிற்கின்றது. வறுமையில் இறந்த அவ்வம்மையார் கைவருந்தி எழுதிய தாள்களுக்கு உலகம் கடன்பட்டுள்ளது. பெர்லின் பாடற்கழகத்தின் ஏட்டுச் சாலையோ இரண்டாம் உலகப்போரில் காணாமற்போய், 1999இல் கீவ் நகரத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, 2001இல் பெர்லினுக்கு மீண்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகள் அதில் இருந்தன.

தமிழ் மாணவர் இவ்விசையை முதன்முறை கேட்கப் புகுங்கால், அந்நியம் என்று அஞ்சவேண்டுவதில்லை. 'மத்தேயு பாடுகள்' இடையே ஒரே மெட்டு ஐந்து இடங்களில் வருகின்றது. ஹாஸ்லர் என்பவர் 1601இல் வெளியிட்ட காதற்பாட்டின் மெட்டாகிய அது, பின்னர்க் கிறிஸ்துவின் முள்முடி சூடிய சிரத்தைப் பற்றிய பாடலுக்கு உரியதாயிற்று. அதே மெட்டு தமிழ்ச் சொற்களோடு நம் நாட்டு ஆலயங்களிலும் தபசு நாட்களிற் பாடப்படுவதே. முதலில் அம்மெட்டு வரும் இடங்களைச் செவியாற் பற்றிக்கொள்க. மேற்குரல் பெரும்பாலும் மாறாதிருப்ப, அடியில் இயங்கும் மற்றைக் குரல்கள் கதையின் நிலைக்கேற்ப மாறுதலைக் காண்க. அடுத்து, மத்தேயு இருபத்தாறு, இருபத்தேழாம் அதிகாரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பகுதி பகுதியாகக் கேட்க. மூன்று மணி நேரத்து இசையை ஒரே மூச்சிற் கேட்டு, விளங்கவில்லையென்று ஒதுக்குவது, புகார்க் காண்டத்தின் வாயிலில் நின்றே சிலம்பினை வெறுத்ததுபோலாம்.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றில் வருவோரை மீண்டும் எண்ணிப் பாருங்கள். முதலிற் பாடியவர் பள்ளிச் சிறுவர். படியெடுத்துக் காத்தவருட் பலர் மாணவர். உலகறியச் செய்தவர் இருபது வயது இளைஞர். செல்லோத் தொடர்களைக் கண்டெடுத்தவர் பதின்மூன்று வயதுச் சிறுவர். ஊரார் போற்றும்வரை இவர்கள் காத்திருக்கவில்லை. நல்லதென்று தம் ஆசிரியர் காட்டியதைப் பொறுமையோடு பயின்றனர். பயின்றதனால் அதன் அருமையை உணர்ந்தனர். உணர்ந்ததைப் பிறர்க்கு அளித்தனர். நம் ஊர்களிலும் முதியோர் நாவில் மட்டும் வாழும் பாடல்கள் உள. பழம்பெட்டிகளில் ஏடுகள் உள. அவற்றுள் எது பேரிசை என்பதைப் பின்வருவோர் தேர்ந்துகொள்வர். தேர்வதற்கு அவர்கட்கு ஏதேனும் எஞ்சவேண்டுமாயின், கேட்டு எழுதிவைக்கும் கடமை இன்று நம்முடையதாகும்.