கடல் விட்டுச்சென்ற கல்

அரியலூரினின்று வங்கக் கடற்கரையை அடைய ஏறத்தாழ 80 கிலோமீட்டர் செல்லுதல் வேண்டும். ஆயினும், அவ்வூரை அடுத்த கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக் கல்லை உற்றுநோக்கினால், கடற்சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காக இறுகிக் கிடத்தலைக் காணலாம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் மழைநீர் அரித்த களிமண் நிலத்தில் ஆட்டுக்கொம்புபோற் சுருண்ட ஓடுகள் கிடைக்கின்றன. அவை அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் எச்சங்கள், அவ்வினம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயிற்று. ஒருகாலத்தில் இந்நிலப்பகுதி கடலாக இருந்தது என்பதற்கு இவற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அக்கடலில் பவளமும் வளர்ந்தது. அண்டையிலுள்ள கல்லக்குடிப் பகுதியில் பவளப்பாறைச் சுண்ணாம்புக் கல் உண்டு. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நிலத்தை ஆராய்ந்த ஹென்றி பிளான்போர்டு என்னும் நிலவியல் அறிஞர் இவ்வகைக் கல்லைக் குறித்துள்ளார்.

பவளம் எங்ஙனம் நிலமாகின்றது? அதனை இன்றும் கண்ணாற் காணத்தக்க நாடு மாலத்தீவு. பவளப்பூச்சி மிகச் சிறியது. கடல்நீரிலுள்ள சுண்ணத்தைக் கொண்டு தனக்கொரு கூடு கட்டும். பூச்சி மடிந்தபின்னும் கூடு நிற்கும். அதன்மேல் அடுத்த தலைமுறை கட்டும். எரிமலைத் தீவு மெல்லத் தாழ, அதனைச் சூழ்ந்த பவளம் மேல்நோக்கி வளர்ந்து வளையமாகின்றது என்று 1842இல் சார்லஸ் டார்வின் விளக்கினார். அவ்வளையத்தை மாலத்தீவினர் ‘அதொளு’ என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘அட்டோல்’ என்னும் சொல் அதன் திரிபே.

ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ள அந்நாட்டில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஆள் உயரத்தினும் மிக்க மேடு காண்பது அரிது. மணலில் இறங்கிய மழைநீர், கீழுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். கிணற்றில் ஊறுவது அந்நீரே. கருங்கல் இன்மையால் பவளக்கல்லையே செதுக்கிக் கட்டினர். தலைநகர் மாலேயில் 1658இல் எழுந்த பள்ளிவாசல் அத்தகையது. அலையின் வேகத்தைத் தடுத்து ஊரைக் காப்பதும் உயிருள்ள பவளமே. 1998இல் கடல்நீர் மிகச் சூடேற, பவளம் வெளுத்துப் பெரும்பகுதி மடிந்தது. பவளப்பாறை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே உயரும்; இழந்ததை ஈடுசெய்ய நெடுங்காலம் வேண்டும்.

அரியலூரிலோ அக்கவலை இல்லை. கடல் என்றோ நீங்கிவிட்டது. வெடிவைத்துப் பெயர்க்கப்படும் சுண்ணாம்புக் கல் சுமையுந்துகளில் ஏறிச் சிமெண்டு ஆலைகளை அடைகின்றது. சிப்பியும் சுருளோடும் கல்லோடு கல்லாய் அரைபடுகின்றன. தப்பியவற்றுட் சில வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.