வீடு தேடி வரும் மாத்திரையும் முதியோரின் ஐயமும்

இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் அரசு வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மாத்திரைகளைப் பற்றி, காட்டாங்குளத்தூர், பொத்தேரி, மறைமலைநகர் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வாழும் முதியோரிடம், "சும்மா கிடைக்கிற மாத்திரைக்கு வீரியம் இருக்காது" என்ற எண்ணம் இருக்குமானால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. விலை கூடினால் தரமும் கூடும் என்பது சந்தை கற்பித்த பாடம். ஆனால் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மாத்திரைகள், 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குபவை. அவற்றின் மாதிரிகள், தயாரித்த நிறுவனத்தின் பெயர் மறைக்கப்பட்டு, ஆய்வகங்களில் சோதிக்கப்படுகின்றன. இவை பொதுப்பெயர் மருந்துகள், அதாவது வணிகப் பெயரின்றி மூலக்கூறின் பெயரிலேயே வழங்கப்படுபவை என்பதால், பளபளப்பான அட்டை இல்லாததை வீரியக் குறைவாகக் கொள்வதற்கு இடமில்லை.

வீட்டுக்கு வரும் பெண், மருத்துவர் அல்லர் என்ற குறையும் சொல்லப்படுவதுண்டு. அது உண்மையே, மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் தன்னார்வலர் அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து மாத்திரை தருவாரேயன்றி, நோயைத் தீர்மானிப்பதும் அளவை மாற்றுவதும் மருத்துவரின் வேலை. மாத்திரை வாசலுக்கு வருகிறது என்பதற்காகக் கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், பாதம் ஆகியவற்றைச் சோதிக்க மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடுபவர் திட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவராவார்.

இவற்றைவிட ஆபத்தானது, "ரெண்டு இடத்திலும் பார்த்துக்கொண்டால் நல்லதுதானே" என்ற நம்பிக்கை. அரசு தரும் அம்லோடிபின் என்னும் கொதிப்பு மாத்திரையை விழுங்கும் ஒருவர், தனியார் மருத்துவர் வேறொரு வணிகப் பெயரில் எழுதிய அதே அம்லோடிபினையும் சேர்த்து விழுங்கினால், அளவு இரட்டிப்பாகிறது. அம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவாகிய கணுக்கால் வீக்கம் தோன்றுகிறது. வீக்கத்தைப் புதிய நோயாகக் கருதும் மூன்றாவது மருத்துவர் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எழுத, உடலின் நீரும் உப்பும் குறைந்து, எழுந்து நிற்கையில் தலைசுற்றி முதியவர் விழ நேர்கிறது. ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து என நீளும் இச்சங்கிலியை அறுப்பது, சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராசன் 1978இல் தொடங்கிய முதியோர் மருத்துவம் என்ற துறையின் அன்றாடப் பணிகளுள் ஒன்று.

ஆகவே முதியோர் ஐயுற வேண்டியது இலவச மாத்திரையை அன்று, எல்லா மாத்திரைகளையும் ஒருசேரப் பார்ப்பவர் யார் என்பதைத்தான். தன்னார்வலரின் பதிவு தனியார் மருத்துவரின் மேசைக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை என்பதால், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், நாட்டு மருந்துப் பொடி உட்பட, ஒரே பையில் போட்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டி, எதை நிறுத்தலாம் என்று கேட்பதே இப்போதைக்குக் கைவசமுள்ள வழி.