பிரெஞ்சு தெரியும், வணிக பிரெஞ்சு தெரியுமா?

ஒரகடத்தில் ரெனோ, ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் என்று பிரெஞ்சுத் தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வணிக பிரெஞ்சைப் பாடமாக எடுக்கலாமா என்று கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். சில தவறான எண்ணங்களை மட்டும் முதலிலேயே விட்டுவிட வேண்டும்.

நம்பிக்கை: பிளஸ் டூவில் பிரெஞ்சில் நல்ல மார்க்; வியாபாரச் சொற்களை மனப்பாடம் செய்தால் போதும்.

உண்மை: முதல் தொலைபேசி அழைப்பிலேயே இது உடைந்துபோகும். பிரான்சில் பத்து இலக்க எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 78 என்பதை அறுபது-பதினெட்டு என்றும், 92 என்பதை நான்கு-இருபது-பன்னிரண்டு என்றும் சொல்லும் மொழி அது. ‘அறுபது’ காதில் விழுந்ததும் மாணவர் 6 என்று எழுதிவிடுவார். அதை அடித்துவிட்டு 7 போடுவதற்குள் அடுத்த ஜோடி வந்துவிடும். எழுத்திலும் கவனம் வேண்டும். பிரெஞ்சில் கமாதான் தசமப் புள்ளி. கொட்டேஷனில் நாம் 1,250 கிலோ என்று எழுதினால் அங்கே ஒன்றேகால் கிலோ. ஆயிரத்துக்கு அவர்கள் இடைவெளி விட்டு 1 250 என்று எழுதுவார்கள். இலக்கணத்துக்குத் தரும் நேரத்தில் பாதியையாவது இந்த எண் பயிற்சிக்குத் தரவேண்டும் என்பேன்.

நம்பிக்கை: பாரிஸிலேயே ஆங்கிலத்தில் எம்பிஏ படிக்கலாம், பிரெஞ்சு எதற்கு?

உண்மை: படிக்கலாம்தான். ஆனால் 1994-ஆம் ஆண்டின் தூபோன் சட்டப்படி, பிரான்சில் எழுதப்படும் வேலை ஒப்பந்தம் பிரெஞ்சில் இருக்கவேண்டும். வெளிநாட்டு ஊழியர் தம் மொழியில் மொழிபெயர்ப்பு கேட்டுப் பெறலாம். அலுவலகத்தின் மற்ற காகிதங்களையும் சக ஊழியரின் பேச்சையும் யார் மொழிபெயர்ப்பது?

நம்பிக்கை: பிரெஞ்சு பிரான்சுக்கு மட்டுமே.

உண்மை: பண்ருட்டி, கொல்லம் முந்திரி ஆலைகளுக்குக் கொட்டை வரும் நாடுகளில் ஐவரி கோஸ்ட்டும் ஒன்று. அங்கே ஆட்சிமொழி பிரெஞ்சு. அந்நாடும் செனகல், கேமரூன் முதலியவையும் சேர்ந்த 17 ஆப்பிரிக்க நாடுகள், 1993-இல் கையெழுத்தான ஒஹாதா உடன்படிக்கையின் கீழ் பொதுவான வணிகச் சட்டங்களைப் பின்பற்றுகின்றன. பாடத்திட்டம் பாரிஸோடு நின்றுவிடக் கூடாது.

நம்பிக்கை: மரியாதை நமக்குப் பழக்கம்தான், நீ, நீங்கள் போலத்தானே ‘த்யு’வும் ‘வூ’வும்?

உண்மை: பாதிதான் சரி. இரண்டு வடிவம் இருப்பது நம் மாணவர்களுக்கு எளிதில் பிடிபடும். ஆனால் நம் ஊரில் மேலாளர் ‘நீ’ என்பார், இளையவர் ‘நீங்க சார்’ என்பார்; யாரும் தவறாக நினைப்பதில்லை. பிரெஞ்சு அலுவலகத்தில் பெரும்பாலும் இருவரும் ஒரே வடிவத்தில் பேசிக்கொள்வார்கள். மேலாளர் ‘த்யு’ சொல்லலாம் என்று அழைத்த பிறகும் பணிவோடு ‘வூ’விலேயே நின்றால், அவருக்கு அது விலகலாகத்தான் படும். பணிவு என்று நாம் வளர்த்த பழக்கம் அங்கே வேறு அர்த்தம் கொள்கிறது. வகுப்பில் நடித்துப் பார்க்காமல் இது பிடிபடாது.

கடிதத்தில் ‘வூ’தான். தொடக்கத்தில் ‘மதாம், மொஸ்யூ’ என்று விளித்தால் முடிக்கும் மரியாதை வாக்கியத்திலும் அதே விளி வரவேண்டும். மின்னஞ்சலுக்கு ‘கோர்தியால்மான்’ என்ற ஒரு சொல் போதும். எந்தக் கூட்டத்திலும் முதலில் ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் முரட்டுத்தனமாகத் தோன்றும்.